நடு வயல்காரர்

ரெமிஜியஸ் சாருக்கு ஊரில் சுவீடன் சார் என்று பேர். முப்பத்திரண்டு வருஷம் மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். இரண்டாம் உலகப்போர் பாடம் வந்துவிட்டால் போதும், ஹிட்லரையும் சர்ச்சிலையும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு சுவீடனைப் பிடித்துக்கொள்வார். பாடப் புத்தகத்தில் அந்த நாட்டைப் பற்றி ஒரு வரி இருந்தாலே அதிகம். சார் இரண்டு பீரியட் எடுப்பார். ஒரு பக்கம் நார்வேயை ஜெர்மனி விழுங்கிவிட்டது. இன்னொரு பக்கம் பின்லாந்து ருஷ்யாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்கிறது. நடுவில் இருந்த சுவீடன் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது எப்படி? "மூளை" என்று சொல்லி நெற்றிப்பொட்டில் தட்டிக் காட்டுவார். ஜெர்மனிக்காரன் இரும்புத் தாது கேட்டான், விற்றார்கள். லீவில் போய்வரும் சிப்பாய்களுக்கு ரயில் வழி கேட்டான், விட்டார்கள். சண்டைக்கு மட்டும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பையன்கள் இதையெல்லாம் பரீட்சைக்கு வராது என்று கேட்காமல் இருப்பார்கள்.

அவர் நடத்தியதோடு நிற்கவில்லை, அப்படியே வாழவும் வாழ்ந்தார். மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று இரண்டு தெருக்காரர்களும் கட்டிப் புரண்டபோது, காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். பஞ்சாயத்துத் தேர்தலில் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் ஒரே சொம்பில் மோர் கொடுத்தார். அவர் மனைவி அருள்செல்வி ஒருமுறை மகளிடம் போனில் சொன்னாள், "உங்கப்பாகிட்ட இட்லியா தோசையான்னு கேட்டாக்கூட ரெண்டும் நல்லதுதாம்பாரு." ஊரில் அவரைப் பொதுவான மனுஷர் என்றார்கள். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. எரிச்சலே அதுதான்.

அவருக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். மேற்கே அமிர்தலிங்கத்தின் இரண்டு வேலி, பதிமூன்று ஏக்கருக்குக் குறையாது. கிழக்கே இனியவனின் ஐந்து மா. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவு. வாய்க்கால் தண்ணீர் அமிர்தலிங்கத்தின் வயலில் பாய்ந்து, சார் வயலில் பாய்ந்து, கடைசியாக இனியவன் வயலுக்கு வரும். மழைக்காலத்தில் வடிகிற தண்ணீருக்குத் தெற்கு ஓரமாக ஒரு பொது வடிகால் இருந்தது. மூன்று வயல் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு ரோட்டோரம் போய் இறங்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் அமிர்தலிங்கம் அந்த ரோட்டோர மூலையை வாங்கினார். மண் அடித்தார், சிமெண்டு களம் போட்டார், குடோன் கட்டினார், சுற்றுச்சுவரும் எழுப்பினார். வடிகாலின் வாய் அந்தச் சுவருக்கடியில் போய்விட்டது.

அமிர்தலிங்கம் சாதாரண ஆள் இல்லை. ரைஸ்மில் அவருடையது, அறுப்பு மிஷின் அவருடையது, ஒன்றியத்தில் ஒரு பதவி, எல்லா ஆபீசிலும் எழுந்து நின்று வணக்கம் சொல்ல ஆள். சார் வயலுக்கு ரோடு கிடையாது. அறுப்பு மிஷின் அமிர்தலிங்கத்தின் வயலில் இறங்கித்தான் அங்கே வர முடியும். அவர் வயல் அறுத்த கையோடு, "வாத்தியாரே, உங்களதையும் முடிச்சிடலாம்" என்று அவரே அனுப்பிவைப்பார். நெல் காய அவர் களத்தில்தான் இடம். இதெல்லாம் சார் கேட்காமலே கிடைத்தது.

இனியவன் சாரிடம் படித்தவன். நாற்பத்திரண்டு வயசு. படித்த படிப்புக்கு ஒரு வேலையும் அமையாமல், இருந்த ஐந்து மாவை நம்பி உட்கார்ந்தவன். குடோன் வந்த பிறகு முதல் வருஷம் அவன் வயலில் பாதி அழுகியது. அடுத்த வருஷம் முக்கால். மூன்றாம் வருஷம் ஆர்.டி.ஓ.வுக்கு மனுப் போட்டான். அமிர்தலிங்கத்தின் மேல் மனுப் போட்ட முதல் ஆள் அந்த ஊரில் அவன்தான். ஊர் அவனைப் பார்க்கும்போது தலையை ஆட்டியது, அமிர்தலிங்கத்தைப் பார்க்கும்போதும் ஆட்டியது. ஒரு ஆயில் இன்ஜினை வாடகைக்குப் பிடித்து, வயலில் தேங்குகிற தண்ணீரை நீளக் குழாய் போட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறைத்துக்கொண்டு, அந்த வருஷச் சம்பாவை மட்டும் எப்படியாவது கரையேற்றிவிடுவது என்று இருந்தான். இந்த வருஷமும் போனால் அவனுக்கு விவசாயம் இல்லை. அது சாருக்கும் தெரியும்.

ஐப்பசியில் ஒருநாள் இனியவன் சார் வீட்டுக்கு வந்தான்.

"சார், தாசில்தார் ஆபீஸ்ல விசாரணை வருது. வடிகால் அங்க இருந்துச்சுன்னு அடுத்த வயல்காரங்க யாராவது சொல்லணுமாம். பழைய சர்வே மேப்புல கோடு அழிஞ்சு கிடக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"இல்லப்பா இனியவா, எனக்கு அவரும் வேணும், நீயும் வேணும்."

"நான் உங்கள சண்டைக்குக் கூப்பிடல சார். இருந்துச்சா இல்லையா, அவ்வளவுதான்."

"அதச் சொன்னாலே ஒரு பக்கம் சாஞ்ச மாதிரிதானே ஆயிடும். நீ படிச்ச பையன், உனக்குத் தெரியாததா?"

"நீங்க சுவீடன் பாடம் எடுக்கறப்ப நான் மூணாவது பெஞ்சுல இருந்தேன் சார். அந்த ரயில்ல போன சிப்பாய்ங்க எங்க போய் இறங்குனாங்கன்னு நீங்க கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல."

"நார்வேக்குத்தான் போனாங்க."

"அதான் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அருள்செல்வி கொண்டுவந்த காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. சார்தான், "நமக்கெதுக்கு" என்றார், யாரோ கேட்ட மாதிரி.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் ஊற்றிவிட்டு நாலாம் நாள் காலையில் கொஞ்சம் வெறித்தது. பயிர் தொண்டைக்கதிர்ப் பருவம். கதிர் தண்டுக்குள் இருக்கிறது, வெளியே வர பத்து நாள். அந்த நேரத்தில் இரண்டு நாள் தலை மூழ்கினால் வெறும் வைக்கோல்தான், சில சமயம் அதுவும் இல்லை. இனியவன் விடிய விடிய இன்ஜின் ஓட்டித் தன் வயல் தண்ணீரைக் கணுக்காலுக்குக் கொண்டுவந்துவிட்டு, காலை பஸ்ஸில் திருவாரூர் போயிருந்தான். அன்றைக்குக் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம், அங்கேயும் ஒரு மனு.

பதினொரு மணிக்கு அமிர்தலிங்கம் குடையோடு சார் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் மண்வெட்டியோடு நாலு ஆட்கள். உள்ளே வரச் சொன்னதற்கு, கால் சேறு என்று மறுத்துவிட்டார்.

"வாத்தியாரே, என் வயல் முழுக்க முட்டளவு நிக்குது. வடிக்க வேற வழியில்ல. உங்க வயல் வழியா விட்டுடறேன். உங்களுதுல நிக்காது, நேரா இறங்கிப் போயிடும். மேல் வரப்புல ரெண்டு இடம், கீழ் வரப்புல ரெண்டு இடம் வெட்டணும். சாயந்தரம் என் ஆளுங்களே கட்டிக் குடுத்துடுவாங்க."

தன் குடோனால் தன் வடிகாலையே அடைத்துக்கொண்ட மனுஷர் தண்ணீருக்கு வழியில்லை என்று வந்து நிற்கிறார். சாருக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அவர் வாயில் வந்தது வேறு.

"கீழ இனியவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா?"

அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. மேல் வயல்காரன் மழைத் தண்ணீரை வடிப்பதை யாரும் தடுக்க முடியாது, தண்ணீர் பள்ளத்துக்குத்தான் வரும். ஆனால் வரப்பில் மண்வெட்டி போடுவதற்கு முன்னால் கீழ் வயல்காரனிடம் சொல்ல வேண்டும். அவன் தன் கீழ் மடையைத் திறப்பான், இன்ஜினைப் பூட்டுவான், ஆளைக் கூப்பிடுவான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட ஆள்விட்டாவது சொல்லிவிடுவார்கள். சொல்ல வேண்டியவன் யார் என்பதிலும் சந்தேகம் கிடையாது. எவன் வரப்பு வெட்டப்படுகிறதோ அவன். இனியவன் வயலை ஒட்டிய வரப்பு சாருடையது.

அமிர்தலிங்கம் சிரித்தார். "நான் சொன்னா அவன் அதையும் மனுவுல எழுதுவான். உங்க வரப்பு, நீங்க சொல்றதுன்னா சொல்லுங்க. ஆனா சொன்னா அவன் ஆளுங்களக் கூட்டிட்டு வந்து மணல் மூட்டைய அடுக்குவான். தண்ணி உங்க பயிர்லயே நிக்கும். அப்புறம் எனக்கும் சங்கடம், நீங்க அவன் பக்கம்னு ஆயிடும். இத்தன நாள் நீங்க யார் பக்கமும் இல்லையே."

சார் அந்த நாலு மண்வெட்டிகளைப் பார்த்தார்.

"தை பொறந்தா அறுப்பு. மிஷின் நம்ம வயல்ல இறங்கித்தானே உங்களுக்கு வரணும்" என்றார் அமிர்தலிங்கம். மிரட்டுகிற குரல் இல்லை, ஞாபகப்படுத்துகிற குரல்தான்.

"நான் வெட்டுங்கன்னும் சொல்லல, வெட்டாதீங்கன்னும் சொல்லல" என்றார் சார்.

"அது போதும்" என்று அமிர்தலிங்கம் குடையை விரித்தார்.

பன்னிரண்டு மணிக்குள் வெட்டியாகிவிட்டது. சார் போய்ப் பார்த்தார். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவருக்குத் தன் பயிரைப் பற்றிக் கவலை. தண்ணீர் செம்மண் நிறத்தில் மேல் வரப்பில் புகுந்து, அவர் பயிரின் இடுப்பைத் தொட்டுக்கொண்டு ஓடி, கீழ் வரப்பில் சத்தத்தோடு விழுந்தது. அமிர்தலிங்கம் சொன்னது பொய்யில்லை, சார் வயலில் நிற்கவில்லை. பதிமூன்று ஏக்கர் தண்ணீர் இனியவனின் ஐந்து மாவில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வயலில் ஆளில்லை. இன்ஜின் கோணிச்சாக்கு போர்த்தி நின்றது. இனியவனின் மச்சான் அந்த வேளையில் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான், ஒரு போன் போட்டால் கால் மணியில் வந்து இன்ஜினை முடுக்கிவிடுவான்.

வீட்டுக்கு வந்து சார் போனைக் கையில் எடுத்தார். மச்சான் நம்பர் அவரிடம் இல்லை, இனியவன் நம்பர் இருந்தது. அமுக்கினார். மணி ஒரு தடவை அடித்தது. என்ன சொல்வது? வரப்பு யார் வெட்டினது என்று கேட்பான். யார் சொல்லி வெட்டினது என்பான். நாளைக்கு அதே வார்த்தை தாசில்தார் ஆபீசில் கிடக்கும். தை மாசம் கதிர் முற்றி நிற்கிற தன் வயலும், வழி இல்லாமல் ரோட்டில் நிற்கிற மிஷினும் அவர் கண்முன் வந்தன. இரண்டாவது மணி அடிப்பதற்குள் கட் செய்துவிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் இனியவன் திருப்பிக் கூப்பிட்டான். சார் போனை அடிக்கவிட்டார். அருள்செல்வி உள்ளேயிருந்து, "எடுங்களேன்" என்றாள். எடுத்தார்.

"சார், கூப்பிட்டீங்களா? கூட்டத்துல இருந்தேன், சைலண்ட்ல போட்டிருந்தேன்."

"இல்லப்பா, கை தவறிப் பட்டுடுச்சு."

"அப்படியா. மழை எப்படி சார் இருக்கு அங்க?"

"விட்டுடுச்சு."

"வயப்பக்கம் போனீங்களா? தண்ணி எப்படி நிக்குது?"

சார் ஜன்னலைப் பார்த்தார். வாசலில் அவர் செருப்பு சேற்றோடு கிடந்தது.

"பரவால்லப்பா" என்றார்.

"சந்தோசம் சார். இங்க மனு வாங்கிக்கிட்டாங்க. சாயந்தரம் பாக்குறேன்" என்று வைத்துவிட்டான்.

அருள்செல்வி வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். அந்த நாலு ஆட்கள் தெருவில் போனதை அவளும் பார்த்திருந்தாள். "அவன்கிட்ட சொல்லலையா நீங்க?" என்று கேட்டாள்.

"நான் இதுல தலையிடல."

"உங்க வரப்ப வெட்டியிருக்கு. இன்னும் எங்கேருந்து தலையிடாம இருக்கப் போறீங்க?" என்றாள். அவர் போய்ச் செருப்புச் சேற்றைக் கழுவினார். அவளும் உள்ளே போய் நம்பரைத் தேடி மச்சானுக்குச் சொல்லிவிடவில்லை. முப்பது வருஷம் அந்த வீட்டில் இருந்ததில் அவளுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இனியவன் கடைசி பஸ்ஸில் வந்து, காலையில்தான் வயலைப் பார்த்தான். மூன்று நாள் இன்ஜின் நிற்காமல் ஓடியது, மச்சானும் அவனும் மாற்றி மாற்றி நின்றார்கள். தண்ணீர் வற்றியபோது பயிர் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே கதிர் கறுத்து வழவழவென்றிருந்தது. பத்து நாள் பாக்கி இருந்த கதிர்.

சேதம் பார்க்க வி.ஏ.ஓ.வும் விவசாய ஆபீசிலிருந்து ஒருவரும் வந்தார்கள். சுற்றிலும் பச்சையாக நின்றது, இனியவனின் ஐந்து மா மட்டும் அழுகியிருந்தது. ஒரே ஒரு வயல் மூழ்கினால் வெள்ளச் சேதம் என்று எழுத முடியாது என்றார் வி.ஏ.ஓ. இனியவன் வரப்பில் புதுசாக அப்பியிருந்த மண்ணைக் காட்டினான். அவர் சாரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இது உங்க வரப்புதானே? வெட்டினதா, உடைஞ்சதா சார்?"

இனியவன் சார் முகத்தைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. வகுப்பில் ஒரு விடை வரும் என்று காத்திருக்கிற பையன் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"மழைக்காலத்துல வரப்பு உடையறது சகஜம்தானே" என்றார் சார்.

வி.ஏ.ஓ. எழுதிக்கொண்டார். மாசியில் ஆர்.டி.ஓ. உத்தரவும் வந்தது. மேற்படி இடத்தில் வடிகால் இருந்ததாக அடுத்த வயல்காரர் எவரும் சொல்லாததால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.

சார் வயலில் அந்த வருஷம் நல்ல விளைச்சல். மிஷின் சொன்ன நாளில் வந்தது. அவர் நெல்லுக்குக் களத்தில் நிழல் படாத இடமாக அமிர்தலிங்கமே ஒதுக்கிக் கொடுத்தார். சார் பாமணி ஆற்றுப் பாலத்தில் உட்கார்ந்து பழைய சகாக்களோடு பேசும்போது, "நமக்கு ஒரு சேதமும் இல்ல" என்று சொல்லிக்கொண்டார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

மூன்று வருஷம் அழுகின வயலை யார் வாங்குவார்கள்? வடிகால் இல்லாத பள்ளத்தை வாங்கினால் உபயோகம் உள்ளவர் அந்த ஊரில் ஒரே ஒருத்தர்தான். பங்குனியில் இனியவன் விலை பேசி முடித்துவிட்டான். திருப்பூரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை. பத்திரத்துக்கு முதல் நாள் சார் வீட்டுக்கு வந்தான்.

"நாளைக்கு மன்னார்குடியில பதிவு சார். சாட்சி ரெண்டு பேர் வேணும். எம் மச்சான் ஒண்ணு. இன்னொருத்தர் நீங்க வரணும்னு அமிர்தலிங்கம் சொல்றாரு. பொதுவான ஆளுங்கறாரு."

அவன் குரலில் எந்த ஏற்றமும் இல்லை. சாருக்கு அது தாங்கவில்லை. "இனியவா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார்.

"தண்ணி வந்ததுக்கு நான் உங்களக் குத்தம் சொல்லல சார். உங்களால அவர நிறுத்த முடியாது, எனக்குத் தெரியாதா? நான் போன்ல கேட்டேன். அப்பவும் மணி ஒண்ணரைதான். மச்சான் வந்திருந்தாப் பாதியாவது நின்னிருக்கும்." எழுந்து நின்று வேட்டியை உதறிக்கொண்டான். "பத்தரைக்கு வந்துடுங்க. ஆதார் கார்டு எடுத்துக்குங்க."

பத்திர எழுத்தர் ஆபீஸ் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஃபேன் ஓடியும் புழுக்கம். அமிர்தலிங்கம் நாற்காலியில், இனியவனும் மச்சானும் பெஞ்சில். சார் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். எழுத்தர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"சாட்சி ஆளுக்கு ஒருத்தர்னு வாங்குறது நம்ம வழக்கம். நாளைக்குப் பிரச்சினைன்னா யாரக் கேக்கறதுன்னு தெரியணும் பாருங்க. மச்சான் விக்கிறவங்க பக்கம். சார் யாரு?"

"நான் பொது" என்றார் ரெமிஜியஸ் சார்.

"பொதுன்னு ஒரு சாட்சி கிடையாது சார். நீங்க யார் பக்கம்னு வந்திருக்கீங்க?"

சார் இனியவனைப் பார்த்தார். என் பக்கம்தான் என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்று அந்த வயசில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. தன் கையால் மார்க் போட்ட பையன். சொன்னால் அங்கேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

இனியவன் தன் ஆதார் கார்டின் ஜெராக்ஸை அடுக்கிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"வாங்குறவங்க பக்கம்னு போட்டுக்குங்க" என்றான்.

"எழுதுங்க, எழுதுங்க. வாத்தியாரு நம்ம ஆளுதான்" என்றார் அமிர்தலிங்கம் நாற்காலியில் சாய்ந்தபடி.

எழுத்தர் தட்டினார். பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. பதிவு ஆபீசில் போட்டோ எடுத்தார்கள், கைநாட்டு வாங்கினார்கள். சார் தன் பேருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். முத்துமுத்தான எழுத்து.

திரும்பும்போது அமிர்தலிங்கத்தின் காரில் வந்தார். ஊருக்குப் போகிற டவுன் பஸ் எதிரிலேயே நின்றிருந்தது, அதில் இனியவனும் மச்சானும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அந்த இருபது நிமிஷம் ஒரே பஸ்ஸில் அவனோடு வர சாருக்குத் தைரியம் இல்லை.